மேடம் கேட்ட காது

கணேசபாண்டியனுக்கு வெட்கம் வந்தால் அது அவரோடு நிற்காது. வீட்டில் யாராவது ஒருவர் அதற்குப் பலியாக வேண்டும். அவருடைய மளிகைக் கடைப் பெயர்ப்பலகை கோணலாகத் தொங்குகிறது என்று ஒரு முறை யாரோ தாராவி மெயின் ரோட்டில் சொல்லிச் சிரித்துவிட்டார்கள். அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு பறந்து போய்ச் சந்தில் விழுந்தது. குழம்பில் உப்பு அதிகம் என்று காரணம் சொன்னார். உப்பு சரியாகத்தான் இருந்தது. அவர் மனைவி ஆறுமுகத்தாய் தட்டை எடுத்துக் கழுவிவிட்டு, பலகையை நேராக்க ஆள் பிடிக்கப் போனாள்.

அந்தக் கடை பாதிக்கு மேல் அவள் உழைப்பு. சாத்தான்குளம் பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மிளகாய் இடித்திருக்கிறாள், புளி கொட்டை எடுத்திருக்கிறாள், சோப்புப் பெட்டியைத் தலையில் சுமந்திருக்கிறாள். அவர் சரக்கு எடுக்க வெளியே போனால் கல்லாவில் உட்கார்ந்து இந்திக்காரனிடம் இந்தியிலும் மராத்திக்காரனிடம் அரைகுறை மராத்தியிலும் வியாபாரம் செய்வாள். இவ்வளவும் செய்கிறவளை அவர் ஒரு நாளும் தன்னோடு வெளியே கூட்டிப் போனதில்லை. மாட்டுங்காவில் கல்யாணம் என்றால் தனியாகப் போவார். டாக்டரிடம் போவதென்றாலும் நாலு கடை தள்ளி முன்னால் நடப்பார். பின்னால் வருகிறவளுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும் அந்த நடை.

எல்லாம் அவள் காதினால்தான். சின்ன வயதில் காது குத்தி, ஈயக் குணுக்கு மாட்டி, மாசக்கணக்கில் இழுத்து இழுத்து வளர்த்த காது அது. தோளைத் தொடும். அதில் ரெண்டு பக்கமும் கனத்த தங்கப் பாம்படம் ஆடும். அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் காது வடிக்காத பெண்ணை எவனும் கட்டமாட்டான். கணேசபாண்டியனின் அம்மாவே பெண் பார்க்க வந்தபோது முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காதைத்தான் பிடித்துப் பார்த்தாள். மாப்பிள்ளைக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. பம்பாய்க்கு வந்து, ரயிலில் பையன்கள் அவள் காதைக் காட்டிக் கெக்கலி கொட்டுவதைப் பார்த்த பிறகு பெருமை போய்விட்டது.

இந்த நிலைமையில்தான் கமலினி சோப்புக் கம்பெனியின் வெள்ளைக்கார டைரக்டருடைய மனைவி ஒரு நாள் கடைக்கு வந்தாள். தமிழர் கடைவீதியைப் பார்க்க வேண்டுமென்று ஆசைப்பட்டாளாம். கம்பெனி ஆபீசர் சங்கரநாராயணன்தான் கூட்டி வந்தார். மாட்டுங்காவில் ரெண்டு தலைமுறையாக இருக்கும் குடும்பம். தாராவிக்குள் வரும்போது கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கமாட்டார். மேடம் சோப்பைப் பார்க்கவில்லை, அரிசியைப் பார்க்கவில்லை. நேராக ஆறுமுகத்தாய் முன்னால் போய் நின்று அந்தக் காதையே பார்த்தாள். விரலால் பாம்படத்தை லேசாகத் தொட்டு ஆட்டினாள். இங்கிலீஷில் என்னவோ சொல்லிச் சிரித்தாள்.

கணேசபாண்டியனுக்கு இங்கிலீஷ் தெரியாது. சிரிப்பு தெரியும். தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார். முகம் கருத்துப்போய்விட்டது.

கொஞ்ச நாளில் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. அந்த வருஷம் நன்றாக விற்ற கடைக்காரர்கள் சிலரைக் குடும்ப சமேதராக ஓட்டல் சமுத்ராவில் ரெண்டு நாள் தங்க வைப்பதாக. சர்ச்கேட் பக்கம் கடலைப் பார்த்துப் புதிதாகக் கட்டிய ஏழு மாடி ஓட்டல். உள்ளே வெயிலே தெரியாது, எல்லா அறையிலும் குளிர்காற்று வரும் என்று பேசிக்கொண்டார்கள். தாராவியிலிருந்து கணேசபாண்டியன் ஒருவருக்குத்தான் அழைப்பு. சங்கரநாராயணன் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

“மிஸ்டர் பாண்டியன், உங்க மிஸஸை அவசியம் அழைச்சிண்டு வரணும். மேடம் அவாளைப் பார்க்கணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறா. போட்டோகூட எடுக்கப் போறா.”

இதற்கு நீங்களோ நானோ ஓர் அர்த்தம் எடுப்போம். கணேசபாண்டியன் தன் வெட்கத்தின் வழியாக வேறு அர்த்தம் எடுத்தார். இன்னொரு தடவை அந்த அம்மாள் முன்னால் இந்தக் காது போய் நிற்கக் கூடாது. படத்தில் விழவே கூடாது. தனியாகப் போகவும் முடியாது. அப்படியானால் காதுதான் போக வேண்டும். ஆண்டாப் ஹில்லில் ஒரு டாக்டர் இப்படிப்பட்ட காதுகளை அறுத்துத் தைத்துக் கொடுக்கிறார் என்று அவருக்கு முன்பே தெரியும். தமிழ்ப் பெண்கள் வரிசையில் நின்றார்கள் அவரிடம். புது நாகரிகம்.

அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட்டார். ஓட்டலுக்குக் கூட்டிப் போகிறேன், ஆனால் இந்தக் காதோடு கூட்டிப் போகமாட்டேன்.

இதில் கொடுமை என்னவென்றால், அவள் காதைப் பற்றிய பாதியைக் கேட்கவே இல்லை.

“என்னையவா கூட்டிட்டுப் போறிய?” என்றாள்.

அவர் ஆமாம் என்றார். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் புருஷன் பக்கத்தில் ஒரு நாள், நாலு பேர் பார்க்க, பெண்டாட்டி என்று போய் நிற்க வேண்டும் என்பதைத் தவிர அவள் அவரிடம் எதற்கும் ஆசைப்பட்டதில்லை. அந்த ஆசையையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேட்காமலே கிடைத்தது என்று நினைத்தாள்.

வேண்டாம் என்று சொன்னவள் மாடத்தி ஒருத்திதான். மாடத்தியும் அதே ஊர்க்காரி. ரெண்டு பேருக்கும் ஒரே நாளில் ஒரே குறத்தி காது குத்தினாள். மாடத்தியின் புருஷன் உல்லாஸ்நகருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். போகும்போது இவள் பாம்படத்தையும் கழற்றிக்கொண்டு போய்விட்டான். ஆண்டாப் ஹில்லில் ஒரு குடிசையில் இருந்துகொண்டு, தினமும் வந்து கடைக்கு அரிசி புடைத்துக் கொடுக்கிறாள். காது வெறுமனே தொங்கும். கணேசபாண்டியனை அண்ணாச்சி என்பாள், ஆறுமுகத்தாயை மதினி என்பாள்.

“வலிக்க வலிக்க வளத்த காதுல்லா மதினி” என்றாள். “நான் பொன்னத்தான் தோத்தேன். நீ காதையே தோக்கப் போறியா?”

“காது போனா என்னட்டி. அவிய கூட ஒரு நாளு போயிட்டு வாரேன்.”

மாடத்தி முறத்தை எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டர் ஊசி போட்டார். அது பாதிதான் மரத்தது. தொங்கிய சதையை அறுத்து எனாமல் தட்டில் போட்டார். அதை என்ன செய்வீர்கள் என்று ஆறுமுகத்தாய் கேட்டாள். குப்பைக்குத்தான், என்ன செய்ய என்றார் அவர். வலது காது சொன்னபடி ஆறியது. இடது காது சீழ் வைத்துவிட்டது. காய்ச்சலில் கிடந்தாள். கணேசபாண்டியன் தினமும் காலையில் கட்டைப் பிரிக்கச் சொல்லி, சரக்கு மூட்டையில் கைவிட்டுப் பார்ப்பதுபோல் ரெண்டு காதையும் பார்ப்பார். ஆறிவிடுமா, தேதிக்குள் ஆறிவிடுமா என்பதுதான் கேள்வி. வாடை அடிக்கிறது, கடைப் பக்கம் வராதே என்றார். அவள் பின்கட்டில் ஒண்டிக்கொண்டு புளி கொட்டை எடுத்தாள்.

ஒரு வழியாக ஆறியது. காதின் கீழ்விளிம்பில் தையல் தழும்பு தடித்து நின்றது. துளை போட இன்னும் சில மாதம் போக வேண்டும், அதுவரைக்கும் கம்மல்கூடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் வெறுங்காதுதான். கணேசபாண்டியன் தள்ளி நின்று பார்த்தார்.

“இப்பத்தான் மனுசி மாதிரி இருக்க” என்றார்.

அவளுக்கு அது போதும். சீழ் வைத்த காதின் வலியெல்லாம் அந்த வார்த்தையில் போய்விட்டதாக மாடத்தியிடம் சொன்னாள். இப்படிப்பட்ட பெண்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆனால் அன்று அவள் சந்தோஷமாக இருந்தாள், அதை மறைக்கக் கூடாது.

பாம்படத்தை இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். டாக்சியில் பின்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஓட்டல் வாசலில் தலைப்பாகை கட்டிய ஆள் கதவைத் திறந்து சலாம் வைத்தான். அவள் பதிலுக்குக் கும்பிட்டாள். கணேசபாண்டியன் திட்டவில்லை. அவருக்கும் கால் நிலைகொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

ஆறாவது மாடியில் அறை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே கடல். வெள்ளை விரிப்புப் போட்ட கட்டிலில் உட்காரலாமா என்று யோசித்து, முதலில் கையால் அழுத்திப் பார்த்தாள். நாணு என்று ஒரு பாலக்காட்டுப் பையன்தான் அந்த மாடியில் பரிமாறும் பேரர். தமிழ் பேசினான். காப்பி போட அடுப்பு எங்கே இருக்கிறது என்று அவனிடம் கேட்டாள்.

“அம்மா ஒண்ணும் செய்ய வேண்டாம். மணி அடிச்சாப் போதும்” என்றான்.

மணி அடிக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. கணேசபாண்டியன்தான் அடித்தார். வெள்ளிப் பாத்திரத்தில் காப்பி வந்தது, கூடவே வெண்ணெய் தடவிய ரொட்டியும் முந்திரியும். இன்னொருவர் போட்ட காப்பியை உட்கார்ந்த இடத்தில் வாங்கிக் குடிப்பது அவளுக்குப் புதிது. நுரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறிவிடும், குடி என்றார் அவர். அந்தக் குரலில் அவர் பேசி அவள் கேட்டதே இல்லை. பிறகு ரெண்டு பேரும் பால்கனியில் நின்றார்கள். தூரத்தில் ஒரு கப்பல் போயிற்று. அதோ பார் என்று காட்டினார். தூத்துக்குடிக் கப்பலாக இருக்குமோ என்றாள். இருக்கும் என்றார். கீழே நடைபாதையில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஜனங்கள் காற்று வாங்கிப் போனார்கள். சாயங்காலம் நாமும் அப்படி நடக்கலாம் என்று அவரே சொன்னார்.

ஆபீசர் வந்திருப்பதாகக் கீழேயிருந்து ஆள் வரவே அவர் இறங்கிப் போனார். ஆறுமுகத்தாய் குளிக்கப் போனாள். குழாயைத் திருப்பினால் வெந்நீர் கொட்டியது. தொட்டி நிறைய விட்டு, உட்காரப் பயந்து, பிறகு உட்கார்ந்துவிட்டாள். உடம்பின் அலுப்பெல்லாம் கரைந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பொழுதில் அவளைவிட நிம்மதியான பெண்பிள்ளை அந்த ஓட்டலில் இருந்திருக்கமாட்டாள்.

கீழே கூடத்தில் சங்கரநாராயணன் சோபாவில் சாய்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

“மேடம் நாளைக்குக் காலம்பற போட்டோகிராஃபரோட வரா. உங்க மிஸஸ் அந்தப் பாம்படத்தைப் போட்டுண்டு ரெடியா இருக்கட்டும். அன்னிக்கு உங்க கடையில பார்த்ததிலேர்ந்து, இவ்வளவு அழகான காதை லோகத்துலேயே பார்த்ததில்லைன்னு மேடம் எல்லார்கிட்டேயும் சொல்லிண்டிருக்கா. வர வருஷக் காலண்டர் அதான். நீங்களும் அவாளும்.”

நீங்கள் மற்றவர்களைவிட அதிகம் விற்றீர்கள் என்றா அழைத்தோம், அந்தக் காதுக்காக அழைத்தது என்றும் வேடிக்கையாகச் சொன்னார். மேடம் மனசு வைத்தால் தாராவி முழுவதற்கும் கமலினி ஏஜென்சி உங்களுக்குத்தான் என்று தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டார். கணேசபாண்டியன் தலையை ஆட்டினார். காது இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. சரி சார், போட்டுக்கொண்டு வருவாள் சார் என்றார். லிஃப்ட் இருப்பதை மறந்து ஆறு மாடியும் படியேறிப் போனார்.

ஆறுமுகத்தாய் கண்ணாடி முன்னால் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். வெந்நீர் பட்டுத் தழும்பு ரெண்டும் சிவந்திருந்தன. அவரைப் பார்த்துச் சிரித்தாள். நடக்கப் போகலாமா என்று கேட்டாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து அவள் காதையே பார்த்தார்.

“ஏளா, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னியா நீ?” என்றார்.

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் மளமளவென்று சொல்லி முடித்தார். மேடம் சிரித்தது கேலியில்லை, ஆசை. காலண்டர். ஏஜென்சி. எல்லாம் அந்தக் காதுக்கு. அறுத்துப் போட்டுவிட்டு வந்து நிற்கிறாயே, நாளைக்கு நான் எந்த முகத்தோடு போய் நிற்பேன். அறுக்கச் சொன்னது நீங்கள்தானே என்று அவள் மெல்லச் சொன்னாள். சொன்னால் புத்தி எங்கே போயிற்று, ஒரு பொம்பளை தன் காதை விட்டுக் கொடுப்பாளா என்று கேட்டார். அவர் அதை மனப்பூர்வமாக நம்பித்தான் கேட்டார். தப்பு முழுவதும் அவளுடையது என்று அந்தப் படிகளில் ஏறி வரும்போதே அவருக்கு முடிவாகியிருந்தது.

அடுத்த முடிவும் தயாராக இருந்தது. மாடத்தி.

மாடத்திக்குக் காது இருக்கிறது. பாம்படம் பெட்டியில் இருக்கிறது. வெள்ளைக்காரிக்கு எல்லாத் தமிழச்சியும் ஒன்றுதான். சங்கரநாராயணன் அன்று கடையில் காதைப் பார்த்தாரே தவிர, முகத்தை எங்கே பார்த்தார்.

ஆறுமுகத்தாய் கையிலிருந்த துண்டை மடித்தாள். “அவ உங்கள அண்ணாச்சின்னுல்லா கூப்பிடுவா” என்றாள்.

“வாயத் தொறக்காண்டாம்னு சொல்லு.”

“அப்பம் நான்?”

சேலை உடுத்திவிடவும், பாம்படத்தை மாட்டிவிடவும் ஆள் வேண்டும், அதற்கு நீ கூட வா என்றார். யாராவது கேட்டால் வேலைக்காரி என்று சொல்லிக்கொள்ளலாம், ஒரு நாள் கூத்துத்தானே. இப்போதே ரயிலைப் பிடித்துப் போய் அவளைப் பேசி, காலையில் கூட்டி வந்துவிடு, நான் போய்க் கூப்பிட்டால் வரமாட்டாள் என்று இரும்புப் பெட்டிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். பட்டுச்சேலையை அவிழ்த்து வைத்துவிட்டுப் போ, அவளுக்கு வேண்டும் என்பதையும் மறக்கவில்லை. கட்டிலின் விரிப்பு கலையாமல் அப்படியே இருந்தது. பழைய சேலையைக் கட்டிக்கொண்டு அவள் சர்ச்கேட் ஸ்டேஷனுக்கு நடந்தாள். நடைபாதையில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் காற்று வாங்குகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மாடத்தி கேட்டதும் நெருப்பை மிதித்தவளாக எழுந்து நின்றாள். அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாய், நான் எப்படிப் போய் அந்த மனுசன் பக்கத்தில் உட்காருவேன், உனக்குப் பைத்தியமா மதினி என்று சத்தம் போட்டாள். ஆறுமுகத்தாய் குடிசைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மாடத்தி ஓய்ந்த பிறகு சொன்னாள்.

“நீ வரலேன்னா வேற எவளையாது கூட்டியாந்து உக்கார வச்சிருவாவ. வந்தவ திரும்பிப் போவாளோ என்னமோ. நீன்னா போயிருவட்டி.”

உல்லாஸ்நகரில் புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சரி வாரேன் என்றாள்.

காலையில் ரெண்டு பேரும் ஓட்டலுக்கு வந்தபோது தலைப்பாகைக்காரன் சலாம் வைக்கவில்லை. பின்பக்கம் வேலைக்காரர் படி இருக்கிறது, அங்கே போங்கள் என்று கையைக் காட்டினான். ஆறு மாடி ஏறினார்கள். நாணு காப்பித் தட்டோடு வந்து, நேற்றுப்போலவே ஆறுமுகத்தாய் முன்னால் கொண்டு வைத்து, “அம்மா, காப்பி” என்றான்.

“அங்க வையி” என்று மாடத்தியைக் காட்டினார் கணேசபாண்டியன். “இவ வேலைக்காரி.”

நாணு அவரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். தட்டை எடுத்து மாடத்தி முன்னால் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். அவனுக்கும் வேலை வேண்டுமே.

ஆறுமுகத்தாய் தன் பட்டுச்சேலையை மாடத்திக்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். தலை வாரிப் பூ வைத்தாள். வருஷக்கணக்கில் வெறுமனே தொங்கிய காதில் தன் பாம்படத்தை மாட்டித் திருகினாள். கனம் தாங்காமல் மாடத்தி கழுத்தைச் சாய்த்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அழாதட்டி, மை கரைஞ்சிரும் என்று முந்தானையால் துடைத்துவிட்டாள். தன் காதில் கை போகாமல் பார்த்துக்கொண்டாள். ஒரு தரம் தன்னை மறந்து போயிற்று; பாம்படம் மாட்டி முடித்ததும் தன்னுடையதைச் சரிசெய்ய எழுந்த கை, அது இல்லாத இடத்தில் தடவிவிட்டு இறங்கியது.

மொட்டைமாடியில் கடலைப் பின்னால் வைத்து ரெண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். மேடம் வந்ததுமே மாடத்தியின் காதுகளை ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அடடா அடடா என்று இங்கிலீஷில் சொன்னாள் போலிருக்கிறது. முகத்தைப் பார்க்கவில்லை. சங்கரநாராயணன் பார்த்தார், ஏதோ வித்தியாசமாகத் தெரிந்ததோ என்னவோ ஒரு நொடி புருவத்தைச் சுருக்கினார். அடுத்த நொடி மேடம் சந்தோஷமாக இருக்கிறாளே, அதற்கு மேல் நமக்கென்ன என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். மாடத்தி வாயைத் திறக்கவில்லை. நல்ல அடக்கமான மனைவி என்று மேடம் புகழ்ந்ததாக அவர் மொழிபெயர்த்தார்.

போட்டோகிராஃபர் வெயிலைப் பார்த்தார். காது நிழலில் விழுகிறது, யாராவது பலகையைப் பிடித்தால் நல்லது என்றார். ஜிகினாத் தாள் ஒட்டிய பெரிய பலகை. அதில் வெயில் பட்டு முகத்தில் தெறிக்கும். “உங்க வேலைக்காரியைப் பிடிச்சுக்கச் சொல்லுங்கோ” என்றார் சங்கரநாராயணன். கணேசபாண்டியன் கண்ணைக் காட்டினார். ஆறுமுகத்தாய் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பலகையை வாங்கிப் பிடித்தாள்.

கடல் காற்று முக்காட்டைத் தள்ளிவிட்டது. ரெண்டு கையும் பலகையில் இருந்ததால் அவளால் திரும்ப இழுக்க முடியவில்லை. மேடம் திரும்பிப் பார்த்தாள். கிட்டே வந்தாள். தழும்பை உற்றுப் பார்த்து முகம் மாறி, சங்கரநாராயணனிடம் ஏதோ கேட்டாள்.

“இவளுக்கும் அந்த மாதிரிக் காது இருந்ததான்னு மேடம் கேக்கறா. ஏன் இப்படிப் பண்ணிண்டேம்மா?”

மாடத்தி நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஆறுமுகத்தாய் புருஷனை ஒரு தரம் பார்த்தாள். நான்தான் அவர் பெண்டாட்டி என்று சொல்ல அவளுக்கு அந்த ஒரு இடம் இருந்தது. அதற்கு வேண்டிய சொல் எல்லாம் அவளிடம் இருந்தது. சொல்லியிருந்தால் ஏஜென்சி போயிருக்கும், அவர் மானம் போயிருக்கும். பாதி சொன்னாள்.

“எங்க வீட்டுக்காரவிய அறுக்கச் சொன்னாவ.”

சங்கரநாராயணன் இங்கிலீஷில் சொன்னார். மேடத்துக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. கன்னம் சிவக்கப் படபடவென்று பேசினாள். பிறகு மாடத்தியின் தோளைத் தட்டிக் கணேசபாண்டியனைப் பார்த்துச் சிரித்தாள்.

“அந்த மாதிரிப் புருஷனைச் சவுக்கால அடிக்கணும்கறா மேடம்” என்றார் சங்கரநாராயணன். “மிஸ்டர் பாண்டியனைப் பாரு, பொண்டாட்டி காதை எவ்வளவு பெருமையா வச்சிண்டிருக்கார், இவர்கிட்ட அவன் கத்துக்கணும்கறா.”

கணேசபாண்டியனுக்கு மூச்சு திரும்பி வந்தது. திரும்பி வந்த மூச்சோடு தைரியமும் வந்தது.

“கரெக்ட் சார். காட்டுப்பய” என்றார். “இவளும் வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கணும்லா.”

மேடம் அதையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டு, ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

போட்டோகிராஃபர் கருவியைச் சரிசெய்தார். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள் என்றார். இன்னும் கொஞ்சம். தோளில் கை போடுங்கள், உங்கள் மிஸஸ்தானே, என்ன கூச்சம் என்றார். கணேசபாண்டியன் மாடத்தியின் தோளில் கையை வைத்தார். கட்டின நாளிலிருந்து நாலு பேர் பார்க்க அவர் கை வைத்த முதல் தோள் அதுதான். மாடத்தி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பிறகு திறந்தாள்.

பலகை ஆடியது. காதில் இருந்த வெளிச்சம் நழுவி மாடத்தியின் கழுத்துக்குப் போயிற்று, அவர் கைமேல் விழுந்தது. போட்டோகிராஃபர் அலுத்துக்கொண்டார்.

“ஏளா, ஆட்டாமப் பிடி” என்றார் கணேசபாண்டியன்.

ஆறுமுகத்தாய் பலகையை மார்போடு அணைத்து, வெளிச்சம் மறுபடி காதில் விழும்படி திருப்பிப் பிடித்தாள். அதன் விளிம்பு கன்னத்தில் அழுத்தியது. அவள் முகம் இருந்த இருப்பைப் பார்த்து, கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டிய போட்டோகிராஃபர், அவளுக்குப் போட்டோ என்றால் பயம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். நல்ல மனுஷர். பயப்படாதே, எவ்வளவு பெரிய படமாகப் போட்டாலும் நீ அதில் விழமாட்டாய் என்று இந்தியில் தைரியம் சொன்னார்.